புரட்டாமல் வெட்டிய போர்ட்

ஸாகிக்குக் கை சும்மா இருந்தால் ஆகாது. தங்கச்சி ஜஹானாவின் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து இன்னும் ஒழுங்காக்கப் போய், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சர்க்கிட் போர்டைக் கருக்கிவிட்டான். உள்ளே எண்பது முட்டை. அன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். இன்னும் இரண்டு நாளில் குஞ்சு.

"நானா, இந்த முட்டையெல்லாம் கெட்டுப் போனா ஒங்கட மெஷின் இந்த அறையில ஈக்காது," என்று அண்ணனை மிரட்டினாள் ஜஹானா. சொன்னால் செய்கிறவள்.

மெஷின், ஸாகி தன் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டிச் செய்தது. கம்பியூட்டரில் வரைந்த சர்க்கிட்டைச் செம்புத் தகட்டில் ஊசிமுனையால் செதுக்கித் தரும். அது போடும் சத்தத்தைக் கேட்டு, அக்குறணைக்குப் புதுப் பல் டொக்டர் வந்திருக்கிறாரா என்று பக்கத்து வீட்டார் விசாரித்திருக்கிறார்கள்.

"ரெண்டே மணித்தியாலம். புதுசு வெட்டித் தாரேன்," என்றான் ஸாகி.

ஜஹானா சுடுதண்ணீர்ப் போத்தல்களை முட்டைகளுக்கு நடுவில் அடுக்கினாள். சூடு போய்விட்டதா என்று உம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து பார்த்தார். சூடு போனதே அதனால்தான்.

மிச்சமிருந்தது ஒரேயொரு தகடு. மெஷின் கிறீச்சிட்டு, தூசி கக்கி, போர்டைச் செதுக்கி முடித்தது. அடடா, என்ன அழகு! ஸாகி அதை ஊதித் துடைத்து, எட்டுக் கால் ஐசி சிப்பை வைத்துப் பார்த்தான். முதலாம் காலுக்குப் போகவேண்டிய கோடு எட்டாம் காலுக்குப் போயிருந்தது.

கம்பியூட்டர் காட்டுவது போர்டை மேலேயிருந்து பார்க்கிற படம். மெஷின் வெட்டுவதோ அடிப்பக்கத்தை. வெட்டுமுன் படத்தை இடவலமாகப் புரட்ட வேண்டும். நூறு தரம் புரட்டியவன், அவசரத்தில் இன்றைக்கு மறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வேறு. கண்டியில் தகடு விற்கிற கடையும் பூட்டு.

"முடிஞ்சுது," என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

அபாயா தைக்கிற ஜஹானா போர்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பினாள். "சாமான் எந்தப் பக்கத்தால பூட்டுற?"

"செம்பு இல்லாத பக்கத்தால."

"அப்ப செம்புப் பக்கத்தாலயே பூட்டுங்களேன். எல்லாம் மாறித்தானே ஈக்கி?"

"உனக்கு இதெல்லாம்..." என்று தொடங்கிய ஸாகி, கொஞ்சம் யோசித்தான். போர்டை வாங்கிச் செம்புப் பக்கத்தில் ஐசியை வைத்துப் பார்த்தான். சரிதான்! வெட்கம் பிடுங்கித் தின்றது, தங்கச்சியைத் தூக்கிச் சுற்றலாம் போலச் சந்தோஷமும் வந்தது.

சாமான் இருக்கிற பக்கத்திலேயே ஈயம் உருக்கி ஒட்டுவது லேசுப்பட்ட வேலையா? இரண்டு விரல் சுட்டுக்கொண்டான். பெட்டியில் விளக்கு எரிந்தது. சூடு ஏறியது. மூடியைத் தொடப் போன உம்மாவை இருவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை எழுபத்தாறு குஞ்சுகள் கத்திய கத்தலில் ஸாகிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா? என்ட போர்ட்!"

"மாஷா அல்லாஹ், நானா!" என்று ஒரு குஞ்சைக் கையில் ஏந்திய ஜஹானா, அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இப்ப இதுகள வளக்க எடம் வேணுமே. அந்த மெஷின எங்க தூக்கி வைக்கிற?"