ஒரு ஆள்தான் தட்டுகிறான்

ஹெப்பகோடியில் கட்டிக்கொண்டிருந்த நான்கு மாடிக் கட்டடம் காலையில் சரிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். கம்பி கட்டப் போன என் வீட்டுக்காரர் பச்சைமுத்து ஒருவர். வயரிங் வேலைக்கு வந்த டிரேவர் இன்னொருவன். அவனுடைய அப்பா பால்ராஜ் அண்ணனும் நானும் மீட்புப் படை கட்டிய கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். மதியமாகிவிட்டது.

“கர்த்தருக்குத் தெரியாம ஒரு செங்கல்லும் விழாதும்மா. தைரியமா இரு,” என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்போ தெரிஞ்சேதான் விழ வுட்டாரா? எங்க சாமிங்க பல பேருண்ணா. ஒண்ணு அசந்திருக்கும், ஒண்ணு கோவத்துல இருக்கும். இன்னொண்ணுகிட்ட ஓடுவேன். எல்லாம் தெரிஞ்சும் சும்மா இருந்தாருன்னு யாரையும் சொல்லவேண்டியதில்ல.”

“அத்தினி பேர் இருந்தும் ஒருத்தரும் தாங்கிப் புடிக்கலையேம்மா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விசில் ஊதி இயந்திரங்களை நிறுத்தினார்கள். “யாரூ மாத்தாடபேடி!” என்று அதிகாரி கன்னடத்தில் கத்தினார். தெருவே வாயை மூடிக்கொண்டது.

டொக். டொக்.

பால்ராஜ் அண்ணன் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; மண் சரிந்து மாட்டிக்கொண்டவர்கள் தட்டுவதைக் கேட்டுப் பழகியவர். தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். முகம் வெளிறிவிட்டது.

“ஒரு ஆள்தான் தட்டுறான்,” என்றார்.

அதன்பிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாரியாத்தா, முனீஸ்வரா, தட்டுவது என் வீட்டுக்காரராக இருக்கட்டும் என்று வேண்டினேன். அப்படியென்றால் அந்தப் பையன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வேண்டினேன். அண்ணனின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

இரண்டு மணி நேரம் கழித்து ஸ்ட்ரெச்சர் வந்தது. சிமென்ட் அப்பிய முகத்தில் கண்கள் சிமிட்டிக்கொண்டிருந்தன. டிரேவர்.

“ஸ்தோத்...” என்று கையைத் தூக்கிய அண்ணன் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“உன் வீட்டுக்காரருக்கு நான் கேக்கவே இல்லம்மா. என் புள்ளைய மட்டும்தான் கேட்டேன்.”

அவர்மேல் கோபமில்லை. என் சாமிகளில் யாரைத் திட்டுவது, எத்தனை பேரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

“இப்போ கேளுங்கண்ணா. உங்களவரு காது குடுத்துக் கேக்கறாரு இல்ல? கவனம் வேற பக்கம் திரும்பறதுக்குள்ள கேளுங்க!”

அவர் கண்ணை மூடினார்.

“பேரு பச்சைமுத்து,” என்றேன். “பேரைச் சொல்லிக் கேளுங்க.”