புறங்கையில் பதினோரு முறை

எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். ஜாஸ்திதான். வேலை செய்கிறவளுக்கு வாயும் இல்லையென்றால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். ஆனால் பேச வேண்டிய ஒரே விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

செங்கம் ரோட்டில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ரெக்கார்டு ரூமில் நான் ஒருத்திதான். டாக்டரம்மா சீட்டில் எழுதுகிற நோய்க்கு நம்பர் போடுவது என் வேலை. எழுபத்தொன்பதாம் வருஷத்துக்குப் பிறகு அதற்கென்று புதுசாக ஒரு தடிப்புத்தகம் வந்தது. கையில் ஊமைக்காயம் என்றால் 923. அது எப்படி வந்தது என்பதற்கு இன்னொரு நம்பர்: வழுக்கி விழுந்தால் 885, வீட்டு ஆள் அடித்தால் 967. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு அட்டை உண்டு. அந்த நோயோடு யார் வந்தாலும் பெயர், தேதி, காரணம் என்று அந்த அட்டையில் ஒரு வரி ஏறும்.

சீட்டில் காரணத்தை எழுதுகிறவன் கம்பவுண்டர் தருமன். என்னைக் கண்டால் அவனுக்கு ஆகாது. எனக்கும் அவனைப் பிடிக்காது. "நம்பர் அக்கா, இன்னைக்கு எத்தினி நம்பர் போட்டீங்க?" என்று நோயாளிகள் எதிரிலேயே இளிப்பான். அட்டை என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்கிற அளவுக்கு என் வேலையை அவன் மதித்ததில்லை.

அவன் பெண்டாட்டி ரேணுகாம்பாள். கையெல்லாம் நீலம் பாரித்து வருவாள். டாக்டரம்மா இல்லாத நேரமாகப் பார்த்து அவனே கூட்டிக்கொண்டு வந்து, அவனே சீட்டுப் போட்டு, 'ஊமைக்காயம், வழுக்கி விழுந்தது' என்று எழுதுவான். ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு. மாசக் கடைசியில் சீட்டுகளைக் கொளுத்திவிடுவது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். தடயமே இருக்காது என்று நினைத்தான், மூடன். என் 923 அட்டையில் அவள் பெயர் வரி வரியாக ஏறிக்கொண்டிருந்தது.

நான்காவது தடவை, மருந்துக்கு நின்றவளின் கையை நேரிலேயே பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. புறங்கை இரண்டும் கன்றிப்போயிருந்தன. விழுகிறவர்கள் உள்ளங்கையைத்தான் ஊன்றுவார்கள். எங்கள் ஊர்க் கிரிவலத்தில் மலை சுற்றும்போது விழுந்து வருகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் உள்ளங்கைக்கும் புறங்கைக்கும் ஒரே நம்பர். அதனால் வரியின் ஓரத்தில் பென்சிலால் 'புறங்கை' என்று குறித்தேன். குறித்துவிட்டு, மையால் 885 என்று எழுதினேன். சீட்டில் இருப்பதைத்தானே எழுத வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு வந்த ஒவ்வொரு தடவையும் அதே பென்சில், அதே 885.

எண்பத்து மூன்று ஆடி மாசம் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் அண்ணன் முருகையன் வந்தான். தங்கையையும் அவளுடைய மூன்று வயசுப் பெண்ணையும் அழைத்துப்போக வந்தவன். குழந்தையைத் தர முடியாது என்றான் தருமன். போலீசில் போய்ச் சொன்னால், அடிபட்டதற்கு டாக்டர் சான்று கொண்டுவா என்றார்களாம். மத்தியானம் எல்லோரும் டாக்டரம்மா திரிபுரசுந்தரியின் அறையில் நின்றார்கள். சான்று கிடைத்தால் தாயும் குழந்தையும் அண்ணன் வீட்டுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால், குழந்தைக்காக ரேணுகா சாயந்திரமே அவனோடு திரும்பிப்போக வேண்டும்.

"கையில நீலம் இருக்கு, சரி. அடிச்சதுன்னு நான் எதை வெச்சு எழுதறது? பழைய சீட்டு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எப்பவோ ஒண்ணு ரெண்டு வாட்டி விழுந்தா டாக்டரம்மா. இவளுக்கு நடக்கவே தெரியாது," என்றான் தருமன்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு நானே உள்ளே போனேன்.

"ஒண்ணு ரெண்டு இல்லீங்க. ரெண்டு வருஷத்துல பதினோரு வாட்டி," என்றேன்.

தருமன் அட்டையை எட்டிப் பார்த்தான். டாக்டரம்மா அட்டையை விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"எல்லாத்துலயும் 885ன்னு போட்டிருக்கியே. அப்பிடின்னா என்ன பச்சையம்மா?"

என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. "வழுக்கி விழுந்ததுங்க."

தருமன் சிரித்தான். "இவங்களே எழுதி வெச்சிருக்காங்க பாருங்க."

"ஓரத்துல புறங்கைன்னு குறிச்சிருக்கேன் பாருங்க."

"பென்சில்தானே. நேத்துகூட எழுதியிருக்கலாம்," என்றான்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "யோவ், உள்ளங்கையில ஒண்ணும் ஆகாம புறங்கை மட்டும் கன்னிப்போறாப்பல எப்பிடி விழறது? இங்கயே ஒரு வாட்டி விழுந்து காட்டு, பாக்கலாம்."

"இன்னாடி சொன்ன?" என்று கையை ஓங்கிக்கொண்டு என் மேல் பாய்ந்தான்.

கோபத்தில் எனக்குப் பயம் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். ஆனால் சுவரோரம் நின்றிருந்த ரேணுகா, தன் மேல் ஓங்காத அந்தக் கைக்கே, சடக்கென்று தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். நீலம் பாரித்த புறங்கைகள் இரண்டும் எங்கள் பக்கம் தெரிந்தன. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தையும் பக்கத்தில் உட்கார்ந்து, அதே மாதிரி, இரண்டு சின்னக் கையாலும் தலையை மூடிக்கொண்டது.

தருமன் கையைக் கீழே போட்டான். முருகையன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பிறகு, "அடிச்சதுக்கு என்ன நம்பர்?" என்று கேட்டார்.

"967ங்க."

சான்றை எழுதி முருகையன் கையில் கொடுத்தார். அட்டையை என் பக்கம் தள்ளினார். பதினோரு 885ஐயும் நானே அடித்து, நானே 967 எழுதினேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் கையெழுத்துப் போட்டார். நான்காவது வரிக்கு வந்தபோது, ஓரத்தில் இருந்த என் பென்சில் குறியைப் படித்துவிட்டுத்தான் 967 எழுதினேன். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தால், அதற்குக் கீழே இருந்த ஏழு வரியும் அந்த அட்டையில் ஏறியிருக்காது.