பையர் முன்னால் அப்பா வாசித்தது

என் அப்பா சந்தியாகுவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. இந்த வயதில் மற்றவர்கள் ஜெபமாலை உருட்டுவார்கள். இவர் உகுலேலே வாசிக்கிறார், அதுவும் ஜாஸ். கைக்குழந்தை அளவில், நாலு கம்பியோடு இருக்கிற அந்தக் குட்டி கிட்டாரைக் கொழும்பில் ஒரு ஓட்டல் பேண்டுக் குழுவில் கற்றுக்கொண்டார். தூத்துக்குடியில் பிழைப்பு இல்லை என்று நான் திருப்பூர் வந்தபோது அதையும் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்துவிட்டார். எங்கள் பனியன் கம்பெனிக்குச் சரக்கு வாங்க வெளிநாட்டுப் பையர்கள் வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு அவர் வாசிப்புதான்.

"ஏட்டி ரோஸ்மேரி, என்னைக்கு நான் வாசிக்கையில தடுமாறுதேனோ அன்னைக்கு நீதான் வந்து நிப்பாட்டணும். பாதியில விட்டுராத" என்று போன கிறிஸ்மஸ் அன்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். அம்மா போன பிறகு அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

போன வாரம் முதலாளி பக்கீர் முகமது கூப்பிட்டுக் கேட்டார். "ஏனுங்கம்மா, அப்பாவுக்கு முடியுங்களா? பெரிய ஆர்டருங்க."

"முடியும் சார்" என்றேன். காபி குடித்த கையோடு, இன்னும் காபி தரவில்லையே என்று கேட்கிற மனிதர் அப்பா. அதை நான் சொல்லவில்லை. முடியும் என்று சொன்ன என் வாயைத் தைக்க வேண்டும்.

வியாழக்கிழமை மதியம், கம்பெனி மாடி ஹால். முதல் பாட்டு பிரமாதமாகப் போனது. இரண்டாவதில் நடுப்பகுதி முடிந்து ஆரம்ப மெட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. நடுப்பகுதியே மறுபடி வந்தது. அதன் பிறகும் அதுவே வந்தது. ஜாஸ் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று வெள்ளைக்காரர்கள் தலையாட்டினார்கள். பிறந்ததிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்கிற எனக்கா தெரியாது?

அப்பா என்னைப் பார்த்தார்.

நான் தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் சூப்பர்வைசர். பையர் துணியைப் புரட்டும்போது ஓட்டை நம் கண்ணில் பட்டுவிட்டால், உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த பாடம். இருபத்தாறு வருஷப் பழக்கம் என்னை யோசிக்கவே விடவில்லை. சிரித்தேன். தாளத்துக்குக் கை தட்டினேன். பக்கத்தில் நின்ற ஆபீஸ் பெண் சித்ரகலா தட்டினாள், பையர்களும் தட்டினார்கள். அப்பா பாட்டில் அதே இடத்தையே சுற்றிச் சுற்றி வந்து, விரல் ஓய்ந்து, பாதியில் நிறுத்தினார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

"அடுத்த மாசமும் அப்பாவே வாசிக்கட்டுமுங்க" என்றார் முதலாளி, சந்தோஷமாக.

வீடு திரும்ப ஏறிய ஆட்டோ பல்லடம் ரோட்டுக்கு வந்தது. நான்தான் முதலில், "நல்லா இருந்திச்சுப்பா. எல்லாரும் எந்திரிச்சுல்லா தட்டுனாங்க" என்றேன்.

அவர் இடது கை விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "வெளிய வர வழி தெரியலட்டி. பயந்துட்டேன். உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ தட்டிக்கிட்டே இருந்த" என்றார்.