ஏழாம் நம்பர் சைக்கிளுக்கு ஜாமீன்

பஞ்சநதத்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. அவனுடைய பைக்கின் மேல்தான் பகை. இதை அப்போதே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் காரியம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் முப்பத்து நான்கு வயசில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவன், அடுத்தவன் பைக்கைப் பார்த்து எனக்கு வயிறெரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வான்?

எழுபத்து மூன்றாம் வருஷம், குறுவை அறுப்பு நேரம். நாங்கள் இருவரும் எண்ணெய் எஞ்சின் விற்கும் ஒரு கம்பெனியில் தற்காலிக விற்பனை ஆட்கள். நான் சேர்ந்து நாலு வருஷம். அவன் சேர்ந்து எட்டு மாசம். கும்பகோணத்தில் கம்பெனி புதிதாக டிப்போ திறக்கப் போகிறது, அதில் ஒரே ஒரு நிரந்தர வேலை இருக்கிறது, பத்து நாளில் யார் அதிக ஆர்டர் பிடிக்கிறாரோ அவருக்கு அது, மற்றவர் வீட்டுக்குப் போகலாம் என்று திருச்சி ஆபீசில் மானேஜர் இருவரையும் எதிரில் நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டார்.

வீடு என்றால் எனக்கு முத்துப்பேட்டை. அங்கே என் மனைவி ஹமீதா பானுவின் அண்ணன் மூஸா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். நான் எஞ்சின் கம்பெனியில் சேர்ந்த அன்று, "போங்க மாப்ள, சுத்திட்டு வாங்க. கடையில உங்க எடம் அப்படியேதான் இருக்கும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நாலு வருஷமாக என் காதிலேயே இருக்கிறது. அவர் கடையில் கஜக்கோலைப் பிடித்து நிற்பதைவிடக் காவிரியில் இறங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் கும்பகோணத்தில் லாட்ஜ் எடுத்தேன்.

பஞ்சநதத்துக்கு லாட்ஜ் தேவையில்லை. அவன் தாராசுரத்துக்காரன். சொந்த வீட்டில் சாப்பிட்டு, சொந்த வீட்டில் தூங்கி, காலையில் மாமனார் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த ராஜ்தூத் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போவான். நான் டவுன் பஸ்ஸுக்கு நிற்பேன். பஸ் வரும், கூட்டம் சேரும்வரை நிற்கும், டிரைவர் டீ குடிப்பார், கண்டக்டர் வெற்றிலை போடுவார். பட்டீஸ்வரத்தோடு அது திரும்பிவிடும். அதற்கு அப்பால் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் ஆண்டவன் கொடுத்த கால்தான். கையில் எஞ்சின் படம் போட்ட நோட்டீஸ் கட்டு, தோளில் பை, காலில் வார் அறுந்த செருப்பு.

நான் நடந்து கொண்டிருப்பேன். பின்னால் சத்தம் கேட்கும். புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்துவான்.

"பாய், ஏறுங்க. எங்க போவணும்?"

"இல்ல தம்பி, நீங்க போங்க. நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவன் பின்னால் உட்கார்ந்து போய் அவன் இறக்கிவிடும் இடத்தில் இறங்கி, அவன் போட்ட பிச்சையில் ஆர்டர் பிடிப்பதா? மூன்று நாளில் மூன்று தடவை கூப்பிட்டான். மூன்று தடவையும் அதே டாக்டரைத்தான் சொன்னேன். மூன்றாம் நாள் முடிவில் அவனுக்கு நாலு ஆர்டர், எனக்கு ஒன்று.

நாலாம் நாள் காலை லாட்ஜுக்கு எதிரில் இருந்த சாமிதுரையின் வாடகை சைக்கிள் கடைக்குப் போனேன். வரிசையாகப் பன்னிரண்டு சைக்கிள். எல்லாவற்றுக்கும் பின் மட்கார்டில் கருப்பும் சிவப்புமாய்ப் பட்டை, நடுவில் வெள்ளையில் நம்பர். கட்சி ஆட்சிக்கு வந்த வருஷம் அடித்த பெயிண்ட் என்று அவரே பெருமையாகச் சொன்னார். சைக்கிள் மட்டும் கொடுக்கவில்லை.

"தெரியாத ஆளுக்கு வண்டி கொடுக்கறதில்லீங்க பாய். தப்பா நெனைக்காதீங்க. யாராவது உள்ளூர் ஆளு ஜாமீன் சொல்லணும்."

"நான் லாட்ஜுல தங்கியிருக்கேங்க. கம்பெனி லெட்டர் வச்சிருக்கேன்."

"லெட்டரா வண்டிய ஓட்டப் போவுது? ஆளுதான் ஓட்டப் போறீங்க. ஆளத் தெரிஞ்ச ஆளு வேணும்."

எனக்கு அந்த ஊரில் யாரைத் தெரியும்? நான் விழித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்தப் பாழாய்ப்போன பைக் சத்தம் கேட்டது. பஞ்சநதம் இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டான். என் தோளில் கை வைத்து, "சாமிதுரைண்ணே, இவரு நம்ம ஆளு. வண்டிக்கி நான் ஜாமீன். குடுங்க" என்றான். அவ்வளவுதான். நாலு வருஷ சர்வீசும் லெட்டரும் செய்யாததை அவன் ஒரு வாய் வார்த்தையில் செய்துவிட்டான். ஏழாம் நம்பர் சைக்கிள் என் கைக்கு வந்தது, சாயங்காலம் நாலு மணிக்குள் திருப்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நன்றி சொன்னேனா என்று கேட்காதீர்கள். சொன்னேன். சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அந்த சைக்கிளில்தான் பூந்தாழங்குடிக்குப் போனேன். திருமலைராஜன் ஆற்றைத் தாண்டி, வாய்க்கால் கரையோடு நாலு மைல். ஊர் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே மூங்கில் கட்டி, அதில் செங்கொடி பறந்தது. அறுப்புக் கூலி தகராறு. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுப்பை முடிக்கப் பார்க்கிறார் என்று ஊரே விழித்துக் காவல் காத்துக்கொண்டிருந்தது. என்னையும் நிறுத்தினார்கள். வேர்த்து வழிந்த முகத்தையும் வாடகை சைக்கிளையும் பார்த்ததும், இவன் யாருக்கும் கெடுதல் செய்ய வசதியில்லாத ஆள் என்று புரிந்திருக்கும். மூங்கிலைத் தூக்கி விட்டார்கள்.

அங்கே சங்கத் தலைவர் வைரக்கண்ணு. ஐம்பது வயசு, குத்தகை விவசாயி. அவரும் இன்னும் பதினேழு பேரும் தங்கள் குத்தகையைப் புதுச் சட்டப்படி தாலுகா ஆபீசில் பதிந்து வைத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தை வைத்து பாங்கில் கடன் கிடைக்கும். மூன்று பேருக்கு ஒன்று என்று ஆறு எஞ்சின் வாங்கி, தரையில் குழாய் இறக்கித் தண்ணீர் எடுத்தால், மேட்டூர் திறக்கும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மிராசுதார் மடையை அடைத்தாலும் நாற்றங்கால் காயாது. நான் வாயைத் திறக்குமுன் இதெல்லாம் அவர்களே பேசி முடித்திருந்தார்கள். ஆள் வராததுதான் குறை.

ஆறு எஞ்சின்! என் கால் தரையில் பாவவில்லை. அடுத்த மூன்று நாளும் ஏழாம் நம்பரை மிதித்துக்கொண்டு அங்கேயே போனேன். எட்டாம் நாள் கையெழுத்து என்று முடிவாயிற்று.

ஏழாம் நாள் திரும்பும்போது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மிராசுதார் வீட்டு வாசலிலிருந்து அந்த பைக் கிளம்புவதைப் பார்த்தேன். வழக்கம்போல எஞ்சின் விற்கத்தான் போயிருப்பான். வழியனுப்ப வந்த வைரக்கண்ணு என் பக்கத்தில் நின்றிருந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாரு பாய் அது? நேத்தும் வந்தான். ஒங்களுக்குத் தெரிஞ்சவரா?"

நாளைக்கு இவன் இந்தப் பக்கம் வந்து, "ஏறுங்க பாய்" என்கிற அதே பல் தெரிந்த சிரிப்போடு இவர்களிடமும் பேசினால்? ஆறும் போய்விடும்.

"தெரியாதுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மிராசுதாருக்கு வெளியூர்லேருந்து அறுப்புக்கு ஆள் புடிச்சிட்டு வர்றவருன்னு பஸ்ல பேசிக்கிட்டாங்க."

வைரக்கண்ணு பைக் மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிக நன்றாக வந்தது.

எட்டாம் நாள் களத்துமேட்டில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆர்டர் பாரம் ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் கையெழுத்து. ஒருத்தர் வயலில், ஒருத்தர் காவலில், ஒருத்தருக்குக் கண்ணாடி வீட்டில். வைரக்கண்ணு மனைவி பொன்னுத்தாய் எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலு பாரம் முடிந்தபோது மணி ஐந்தரை. சைக்கிளை நாலு மணிக்குத் திருப்ப வேண்டும் என்பது எனக்கு நினைவே இல்லை.

அப்போது எல்லைப் பக்கம் கூச்சல் கேட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவனை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சட்டைக் கை கிழிந்து தொங்கியது. உதட்டோரம் ரத்தம். பின்னால் இரண்டு பேர் காற்றுப் போன பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார்கள். டியூப் வால்வைப் பிடுங்கி வாய்க்காலில் வீசிவிட்டார்களாம்.

பஞ்சநதம் என்னைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது.

"அல்லா காப்பாத்துனாரு! பாய், ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்றான். அடி வாங்கினவன் என்னைக் கேட்கிறான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நான்தான் சொன்னேன்ல, இவரத் தேடித்தான் வந்தேன்னு. சைக்கிள் வரலன்னு கடைக்காரரு என் வீட்டுக்கு வந்துட்டாரு. நேத்து இவர இந்தப் பக்கந்தான் பாத்தேன். இங்க அடிதடின்னு வேற சொன்னாங்க. மனசு கேக்கல. இவரு என்னய நல்லாத் தெரிஞ்சவரு. அவரக் கேளுங்க" என்றான்.

வைரக்கண்ணு என் பக்கம் திரும்பினார். "பாய், இவரத் தெரியாதுன்னீங்களே?"

மடியில் நாலு பாரம். கையில் ஐந்தாவது. தெரியாது என்று ஒரு தரம் சொன்னதை இன்னொரு தரம் சொன்னால் போதும். கும்பகோணத்தில் டிப்போ, மேஜை, நாற்காலி. மூஸாவின் கஜக்கோல் கண்ணுக்கு முன்னால் ஆடியது. பஞ்சநதம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு சந்தேகமும் இல்லாமல் நின்றான். நான் சொல்லப் போவது அவனுக்குத் தெரியும் என்பதுபோல, கர்ச்சீப்பை எடுத்து உதட்டைத் துடைக்கக்கூட ஆரம்பித்துவிட்டான்.

"நம்ம ஆளுங்க" என்றேன். குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னேன். "நம்ம ஆளு. என் கம்பெனிதான். ஆள் புடிக்கிறவரு இல்ல. அது நான் சொன்ன பொய்."

பொன்னுத்தாய்தான் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "எதுக்குய்யா அப்படிச் சொன்னீங்க? அவரு ஒங்களுக்கு என்ன செஞ்சாரு?"

யோசித்துப் பார்த்தேன். அவன் எனக்கு என்ன செய்தான்?

"அவருகிட்ட பைக் இருக்கு" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். வைரக்கண்ணு சிரிக்கவில்லை.

"ஏன் பாய், எங்க பயலுவ சூட்டுல இருக்கானுவ. அருவா கையில இருக்கிற நேரம். ஒரு வெட்டு விழுந்திருந்தா இந்த ஆளு போயிருப்பாரு. நாளைக்கி போலீஸ் லாரி எங்க தெருவுலதான் வந்து நின்னிருக்கும். மிராசுதாரு அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு. ஒங்க பொறாமைக்கி எங்க கையா கெடச்சுது?"

அவர் என் மடியிலிருந்த பாரங்களை எடுத்து வரிசையாக அடுக்கினார். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. பஞ்சநதத்திடம் நீட்டினார்.

"எஞ்சின் எங்களுக்கு வேணும் தம்பி. ஆறும் ஒங்க பேர்ல எழுதிக்கிங்க. அடிச்சதுக்கு மன்னிச்சிருங்க."

பைக்கைக் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, பஞ்சநதம் ஏழாம் நம்பர் சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்தான். நான் மிதித்தேன். நல்ல கனம். வாய்க்கால் கரை முழுக்க, திட்டுவான், திட்டுவான் என்று முதுகைக் கொடுத்துக் காத்திருந்தேன். ஆற்றுப் பாலம் வந்தபோதுதான் பேசினான்.

"ஏன் பாய், கேட்டிருந்தா சாவியக் குடுத்திருப்பேனே. நாளு விட்டு நாளு ஓட்டியிருக்கலாம்."

"எனக்கு ஓட்டத் தெரியாது" என்றேன்.

அவன் அதற்கும் சிரிக்கவில்லை. "பள்ளம் பாத்து வுடுங்க" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை லாட்ஜை விட்டு வெளியே வந்தேன். இன்னும் இரண்டு நாள் பாக்கி, ஆனால் இந்த ஆறோடு சேர்த்து அவனுக்குப் பதினைந்து, எனக்கு ஒன்று. பழக்க தோஷத்தில் கால் கடைப்பக்கம் போய்விட்டது. இனி எனக்கு ஜாமீன் ஏது என்று உறைத்ததும் திரும்பிவிடப் பார்த்தேன். அதற்குள் சாமிதுரை ஏழாம் நம்பரைத் துடைத்து, காற்றடித்து, என் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"எடுத்துக்கிங்க பாய். பஞ்சநதம் விடியக்காலமே வந்தாரு. நீங்க எப்ப வந்தாலும் எந்த வண்டி கேட்டாலும் கேக்காமக் குடுக்கச் சொல்லிட்டாரு. ஜாமீன் அவருதானாம்."

அவன் பைக்கைப் பார்த்து வயிறெரிந்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. பைக்கையாவது என்றைக்காவது ஒரு நாள் வாங்கிவிடலாம்.

ஹேண்டில்பாரைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டேன். "வேண்டாங்க. நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.