பச்சை வரும் வரை

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு வரும்போது நடுவில் ஒரு கை நீண்டால், கதவு உடனே திறந்துவிட வேண்டும். திறக்கிறதா என்று சோதிப்பதுதான் அவள் வேலை. நிஜ லிஃப்ட்டும் கிடையாது, நிஜக் கையும் கிடையாது. எல்லாம் கணினிக்குள்ளேயே. அவள் எழுதிய டெஸ்ட், குறுக்கே ஒரு கை இருப்பதாகக் கதவின் மென்பொருளிடம் சொல்லும். கதவு திறந்தால் திரையில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

அந்த டெஸ்ட் கொஞ்ச நாளாகவே முரண்டு பிடித்தது. திடீரென்று சிவப்பு காட்டும்; மறுபடி ஓட்டினால் ஒன்றும் தெரியாததுபோலப் பச்சை. எல்லோருமாகப் பேசி ஒரு வழி செய்திருந்தார்கள். சிவப்பு வந்தால் தானாகவே திரும்ப ஓடும். எந்தத் தடவை பச்சை வந்தாலும் பாஸ். அறிக்கையில் அந்தப் பச்சை மட்டும்தான் ஏறும்.

"கதவெல்லாம் நல்லாத்தான்டி இருக்கு. உன் டெஸ்ட்டுக்குத்தான் மூடு சரியில்ல," என்பாள் கதவின் மென்பொருளை எழுதியவள். வாயைத் திறந்தாலே யாரையாவது குத்துவதால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

"நாள் முழுக்க உன் பேச்சைக் கேட்டா எதுக்குத்தான் மூடு சரியா இருக்கும்?"

வீட்டிலும் அவளுக்கு ஒரு சோதனை இருந்தது. அப்பாவுக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. பகலில் பார்த்துக்கொள்ள வரும் பணிப்பெண் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதன்பிறகு ஆறு மணிக்கு அவள் வரும்வரை அப்பா தனி.

"உன்னை அடையாளம் தெரியற வரைக்கும் வீட்லயே இருக்கட்டும். தெரியலேன்னா முதியோர் இல்லம்தான். அதுக்கப்புறம் ஒரு நிமிஷம்கூட ஒத்தையில விடக் கூடாதுடி," என்று வெளியூரில் இருந்த அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள். அவளும் தலையாட்டியிருந்தாள்.

அதனால் தினமும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவுக்கு எதிரே போய் நின்று கேட்பாள். "நான் யாரு, சொல்லுங்க?"

"கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவங்க."

முகம் கழுவிக்கொண்டு வந்து கேட்பாள். விளக்கைப் போட்டுவிட்டுக் கேட்பாள். "நான் யாருப்பா?" என்று, கேள்விக்குள்ளேயே விடையை ஒளித்துவைத்தும் கேட்பாள். ஏதோ ஒரு தடவை அவர் முகம் மலரும். "சின்னவதானே? ஏன் இவ்வளவு நேரம்?" அது போதும் அவளுக்கு. அக்கா போனில் கேட்டால் "தெரிஞ்சுது" என்பாள். பொய் சொல்லவில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள். எத்தனையாவது தடவை என்று அக்கா கேட்டதில்லையே.

ஒருநாள் புகார் வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவு ஒரு பெண்ணின் பையைக் கவ்விக்கொண்டதாம். கையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பச்சை வர்ற வரைக்கும் திரும்ப ஓட்டறதை நிறுத்துங்க," என்றார் குழுத்தலைவர். "நூறு தடவை ஓட்டுங்க. சிவப்பு வந்தா சிவப்புதான். ஒண்ணையும் விடாம எழுதுங்க."

காலையில் ஓட்டினாள். பச்சைகள் வரிசையாக வந்தன, இடையிடையே சிவப்பு. குண்டூசி பின்னால் நின்று பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"உன் டெஸ்ட் மேல தப்பில்லடி. கை வர்ற அதே நேரத்துல வேற மாடியில யாராவது பட்டனை அமுக்கினா, நான் எழுதினது கையைக் கவனிக்காம விட்டுடுது. அந்தச் சிவப்பெல்லாம் நிஜம்."

"அப்போ பச்சை?"

"அதுவும் நிஜம்தான். கை மாட்டிக்கிட்டவங்களுக்கு அதனால என்ன?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிவப்புகளே அவள் கண்ணில் நின்றன. அப்பாவுக்கு அவளை அடையாளம் தெரியாமல் போன தடவைகளை எந்தக் கணக்கில் வைத்திருந்தாள்? அந்தத் தடவைகளில் எல்லாம் அவர் முன்னால் நின்றது யாரோ ஒருத்தி. அவள் வருவதற்கு முன்பான அந்த இரண்டு மணி நேரத்தில் அவருக்குத் தன் வீடாவது தெரிந்திருக்குமா?

அப்பா நாற்காலியில் இருந்தார். அவள் எதிரே நின்றாள்.

"நான் யாரு?"

வெகுநேரம் பார்த்தார். பிறகு மரியாதையாக, "உக்காருங்க. என் சின்னப் பொண்ணு இப்ப வந்துடுவா. எதுவா இருந்தாலும் அவகிட்டயே பேசுங்க," என்றார்.

அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டுக் கேட்டால் சொல்லக்கூடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது.

"இன்னிக்குத் தெரிஞ்சுதா?"

"இல்லக்கா."

"இன்னொரு தடவை கேட்டுப் பாரேன்டி," என்றாள் அக்கா. கறாரெல்லாம் எங்கோ போயிருந்தது.

"கேட்டா சொல்லிடுவாருக்கா. பத்து தடவை கேட்டா ஒரு தடவை சொல்லுவாரு. தினமும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தாரு. நான் உன்கிட்ட அந்த ஒண்ணை மட்டும் சொன்னேன்."

அக்கா அழுவது கேட்டது. "நாளைக்கே இல்லத்துக்குப் பேசறேன்," என்று இவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

போனை வைத்ததும் அப்பா நிமிர்ந்தார். "போன்ல என் பொண்ணா?"

"ஆமாங்க."

"சின்னவளா? கிளம்பிட்டாளாமா?"

"கிளம்பிட்டாளாம்."

"வந்ததும் சாப்பிடச் சொல்லணும். பசி தாங்க மாட்டா," என்றார். அவள் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலியை அவள் பக்கமாகத் தள்ளினார்.