அப்பா ஊர்ல இருக்காரு

எங்க வீட்டுக்காரர் இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. முதல் வருஷம் மட்டும்தான் கையில விசா. கூட்டிட்டு வந்த முதலாளி சொல்லாம கொள்ளாம கடைய மூடிட்டு ஓடிட்டான், இவரு தங்கிட்டாரு. தப்புதான், இல்லேன்னு நான் சொல்லல. டைல்ஸ் ஒட்டுற வேலை. இந்த ஊர்ல எத்தனை பேரு இவரு போட்ட தரையில நின்னு குளிக்கிறாங்கன்னு அவருக்கே தெரியாது.

எனக்கு எங்க அப்பா வழியில இங்க தங்குறதுக்குப் பேப்பர் இருக்கு. ஹோட்டல் லாண்டரியில துணி தேய்க்கிறேன். மகளுக்கு ஒம்பது வயசு, இங்கயே பொறந்தவ. ஆக, எங்க வீட்டுல சட்டப்படி ரெண்டு பேரு, சட்டத்துக்குத் தெரியாம ஒருத்தர்.

இந்த வருஷம் புதுசா ஒரு விதி வந்துச்சு. பேப்பர் இருக்கிற குடும்பத்தோட சேர்ந்து வாழறவங்க மனு போடலாம்னாங்க.

"சும்மா கெடக்கிற சங்க ஏன் ஊதணும்?"னாரு இவரு.

"எத்தனை நாளைக்கு போலீஸ் வண்டியப் பார்த்தா செருப்புக் கடைக்குள்ள நுழைவீங்க? ஒரு நாளாவது செருப்பு வாங்கியிருக்கீங்களா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு, மனு போட்டோம்.

வக்கீலம்மா தெளிவா சொல்லிட்டாங்க. "அதிகாரி எப்ப வேணாலும் வீட்டுக்கு வருவாரு. நீங்க ஒண்ணா குடும்பம் நடத்தலன்னு அவரு எழுதிட்டா இவர நாடு கடத்திடுவாங்க. உள்ளத உள்ளபடி காட்டுங்க, போதும்."

உள்ளத உள்ளபடி காட்டுறதுதான் எங்களுக்குப் பெரும்பாடா போச்சு. இந்த மனுஷன் செருப்ப வாசல்ல விட்டதே கிடையாது. துணிமணியெல்லாம் கட்டிலுக்கடியில ஒரு பையில. பல் தேய்க்கிற பிரஷ்கூட அந்தப் பைக்குள்ளதான். போட்டோன்னா எடுக்கிற ஆளு எப்பவும் அவருதான். "இது வீடா, பஸ் ஸ்டாண்டா?"ன்னு எத்தனையோ தடவை கத்தியிருக்கேன். இப்ப சட்டையெல்லாம் உருவி அலமாரியில மாட்டினேன். அவரு பிரஷ்ஷ என் பிரஷ் பக்கத்துல வெச்சேன். அதப் பார்த்து அவருக்குப் புது மாப்பிள்ளை மாதிரி வெக்கம். படிக்கிற புள்ளைய எதுக்குக் கலவரப்படுத்தணும்னு மகள்கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லல.

அதிகாரி வந்தது ஒரு சனிக்கிழமை காலையில. இவரு வேலைக்குப் போயாச்சு. நான் தலைக்குக் குளிச்சிட்டிருந்தேன். மணி அடிச்சதும் மகள் கதவத் திறந்திருக்கா.

"பாப்பா, அப்பா இருக்காரா?"

"அப்பா இங்க இல்ல. ஊர்ல இருக்காரு."

"எப்ப வருவாரு?"

"வர மாட்டாரு. நானும் அம்மாவும் மட்டும்தான்."

குளியலறைக்குள்ள எனக்கு எல்லாம் கேட்டுச்சு. மூணு வயசுல இருந்து அவளுக்கு அவ அப்பாவே பழக்கின பாட்டு அது. சமையலறைக் கதவத் தட்டி, குரல மாத்திக்கிட்டு, அதிகாரி மாதிரி கேப்பாரு. தரையப் பார்க்கக் கூடாது, முழிக்கக் கூடாது, சிரிச்ச முகமா சொல்லணும். சரியா சொல்லிட்டா தோள்ல தூக்கி வெச்சு வீட்ட ஒரு சுத்து. புள்ள சரியாத்தான் சொன்னா.

தலையில நுரையோட ஓடி வந்தேன். "இங்கதாங்க இருக்காரு, வேலைக்குப் போயிருக்காரு." மகள் என் கையக் கிள்ளினா. அப்பாவக் காட்டிக் குடுக்கிறேன்னு நெனச்சுட்டா.

அதிகாரி மரியாதையான ஆளுதான். அலமாரியத் திறந்து பார்த்தாரு. பையில மடிஞ்சு கெடந்த சட்டைங்க, மடிப்புத் தடம் மாறாம தொங்குது. ஊரான் சட்டையெல்லாம் தேய்க்கிறவ வீட்டு லட்சணம்.

"இதெல்லாம் இப்ப மாட்டினதா?"

"போன் பண்றேன், உடனே வந்துடுவாரு."

"வேண்டாம்மா. போன் பண்ணா யாரு வேணாலும் வரலாம்." படியிறங்கும்போது மகள் தலையத் தடவிக் குடுத்துட்டு, "சின்னப் புள்ளைங்க பொய் சொல்லாது"ன்னுட்டுப் போனாரு.

கதவு சாத்தினதும் அவ கேக்குறா, "சரியா சொன்னேனாம்மா?"

ஓங்கின கை அப்படியே நின்னுடுச்சு. அவள அடிச்சு என்ன ஆகப் போகுது?

சாயங்காலம் அவரு வந்ததும் சொன்னேன். முதுகு வலிக்காரர், ஒம்பது வயசுப் புள்ளையத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு வீட்டச் சுத்தினாரு. நான் குழாயத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

மாசக் கடைசிக்குள்ள வெளியேறணும்னு உத்தரவு வந்துச்சு. வக்கீலம்மா அலைஞ்சு திரிஞ்சு, மேலதிகாரிய நேர்ல பார்க்க ஒரே ஒரு வாய்ப்பு வாங்கிக் குடுத்தாங்க. இந்தத் தடவை மகள உக்கார வெச்சு, உண்மையச் சொல்லுன்னோம்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அந்த ஆபீஸ்ல காத்திருந்தப்ப இவரு பாத்ரூம் போயிட்டு வந்து, "மூலையில ரெண்டு டைல்ஸ் தூக்கிட்டு நிக்குது. எவன் போட்டானோ"ன்னாரு. நாடு கடத்தப் போறாங்க, இவருக்கு டைல்ஸ் கவலை.

மேலதிகாரி ஒரு அம்மா. மகள் அவங்க முன்னாடி நின்னு மூச்சு விடாம சொன்னா. அப்பா சுவரோரமா படுப்பாரு. குறட்டை விடுவாரு, அம்மா உதைப்பாங்க. முட்டியில சிமெண்ட் கறை போகவே போகாது. கணக்குச் சொல்லித் தருவாரு, எல்லாமே தப்பா வரும். எனக்குக் காய்ச்சல்னா அப்பாதான் தூங்க மாட்டாரு. அன்னிக்கு நான் சொன்னது பொய், அப்பா ஊர்ல இல்ல, இதோ இங்க நிக்கிறாரு.

அந்தம்மா கடைசி வரைக்கும் கேட்டாங்க. அப்புறம் எங்களப் பார்த்து, "நல்லாவே சொல்லிக் குடுத்திருக்கீங்க"ன்னாங்க.

"சொல்லிக் குடுக்கலங்க, இது உண்மை."

"யாரும் பக்கத்துல இல்லாதப்ப குழந்தை தானா சொன்னது எதுவோ, அதத்தாம்மா நான் எடுத்துக்க முடியும்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஒளிஞ்சு இருந்தது தப்புன்னே வெச்சுக்குங்க. ஒளிய வெச்சது யாரு? பேச்சு வரும்போதே அப்பன் இல்லேன்னு சொல்லப் பழகினா இந்தப் புள்ள, எதுக்காக?" மேல பேசியிருப்பேன், இவரு என் கையப் புடிச்சுட்டாரு. அந்தம்மா "உத்தரவுல மாத்தமில்ல"ன்னுட்டு அடுத்தவங்க மனுக் கட்டப் பிரிச்சுட்டாங்க.

வெளிய வந்ததும் மகள் அவரு சட்டையப் புடிச்சு இழுத்தா.

"அப்பா, நான் எப்படிச் சொல்லணும்? நீ சொல்லிக் குடு, திரும்பப் போய்ச் சொல்றேன்."