கடைசி நிகழ்ச்சி

யோசப்பின் என்ற ரீச்சர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, விளையாட்டு நேரம் என்றால் ஐந்து பிள்ளைகளுக்கு வேப்பமரத்தடிதான். மற்றவர்கள் மைதானத்தில் ஓட, இவர்கள் அவர்களுடைய புத்தகப் பைகளுக்குக் காவல் இருந்தார்கள். ஒருவனுக்கு ஷெல் வீச்சில் கால் போயிருந்தது. இரண்டு பேருக்குக் காது கேளாது. ஒருத்திக்குப் போலியோ. நாகேஸ்வரிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை.

யோசப்பினும் தனித்துப் போனவள்தான். தொண்ணூறில் போரால் கடற்கரை ஊரான மயிலிட்டி முழுவதும் இடம்பெயர்ந்தபோது உரும்பிராய்க்கு வந்தாள். தாய் அகதி முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். தம்பி ஜெர்மனியில். பத்மாசினி என்பவரின் வீட்டில் ஒரு அறை எடுத்து இருந்தாள். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் பாடம் பற்றிக் கதைக்கும்போது அவளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஐந்து பேருக்கும் தனியாக ஒரு பாடநேரம் தரும்படி அதிபர் செல்வரட்ணத்திடம் கேட்டாள்.

"விழுந்து கையைக் காலை முறிச்சால் ஆர் பதில் சொல்லுறது, ரீச்சர்?"

"நான் சொல்லுறன் சேர். மற்றப் பிள்ளையளும் விழுகுதுகள்தானே?"

அரைமனதோடு செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடத்தைக் கொடுத்தார். உதவிக்கு ஆள் தரவில்லை.

கடலுக்குப் போக முடியாமல் முகாமில் இருந்த மயிலிட்டிச் சனத்திடம் அவள் வலைக்கயிறு வாங்கி வந்தாள். மைதானத்தின் ஓரத்தில் இரண்டு பனைகளுக்கு இடையே அதை இடுப்பளவு உயரத்தில் இழுத்துக் கட்டி, ஒரு இரும்பு வளையத்தைக் கோத்துவிட்டாள். வளையத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லையில் நிற்பவரின் குரலை நோக்கி நாகேஸ்வரி ஓட வேண்டும். காது கேளாதவர்களுக்கு விசிலுக்குப் பதிலாகச் சிவப்புக் கொடி. மற்ற இருவரும் கதிரையில் இருந்தபடி இரும்புக் குண்டு எறிந்தார்கள். முதல் கிழமைகளில் நாகேஸ்வரி நடந்தாள், பிறகு வேகமாக நடந்தாள். ஒருநாள் தன்னை அறியாமல் ஓடி, யோசப்பினுடைய வயிற்றில் வந்து மோதிச் சிரித்தாள்.

பள்ளிக்கூடத்தின் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. அதிபர் இவர்களின் நிகழ்ச்சிகளைக் கடைசியில் போட்டார். செய்தி கேட்டு நாகேஸ்வரியின் தகப்பன் பரமலிங்கம் தோட்டத்து மண் ஒட்டிய காலோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"ஊர் பாக்க என்ரை பிள்ளையை விழுத்தி வேடிக்கை காட்டப் போறியளே?"

"ஒருக்கால் வந்து பாருங்கோ, அண்ணை."

அவர் சைக்கிளைத் திருப்பினார்.

போட்டி நாளன்று சனம் நிறைந்திருந்தது. அஞ்சலோட்டம் முடிந்து, கொடி ஓட்டமும் குண்டெறிதலும் ஒருவாறு நடந்தன. கயிற்றோட்டம் மட்டும் மிச்சமிருந்தபோது வானத்தில் பொம்மர் விமானம் இரைந்தது. சனம் பதறிச் சிதறியது. யோசப்பின் ஐந்து பேரையும் அணைத்து இழுத்துக்கொண்டு பங்கர் குழிக்குள் இறங்கினாள். குண்டு தூரத்தில் எங்கோ விழுந்தது. இரைச்சல் அடங்கி மேலே ஏறியபோது, அதிபர் போட்டி முடிந்ததென்று சொல்லி எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருந்தார். மற்ற நாலு பிள்ளைகளையும் வீட்டார் வந்து கூட்டிப் போனார்கள்.

"ரீச்சர், நான் ஓடேல்லையே?" என்றாள் நாகேஸ்வரி.

யோசப்பின் சுற்றிப் பார்த்தாள். மைதானத்தில் கதிரைகள் கவிழ்ந்து கிடந்தன. அப்போதுதான் பரமலிங்கம் மகளைத் தேடிச் சைக்கிளில் விரைந்து வந்தார்.

"அண்ணை, அந்தப் பனையடியிலை நிண்டு இவவைக் கூப்பிடுங்கோ. நான் இஞ்சாலை நிண்டு விடுறன்."

"இந்த நேரத்திலையோ? பொம்மர் திரும்ப வந்தாலும் வரும்."

"கனநேரம் எடுக்காது. கூப்பிடுங்கோ."

மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் போய் நின்றார். "நாகேஸ்" என்றார், பக்கத்தில் நிற்பவளைக் கூப்பிடுவதுபோல. அவள் அசையவில்லை.

"கேக்கேல்லை, அப்பா!"

"நாகேஸ்! இஞ்சை, இஞ்சை வா பிள்ளை!" இந்த முறை அவருடைய குரல் மைதானம் முழுவதும் கேட்டது.

வளையம் கயிற்றில் கரகரக்க அவள் ஓடினாள். நடுவில் ஒரு தரம் இடறினாள். அவர் ஓடிவந்து பிடிக்கப் பார்த்தார்; பிறகு நின்றுவிட்டார். கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. அவள் தானே நிமிர்ந்து, கடைசி வரை ஓடி அவர் நெஞ்சில் மோதினாள். பரமலிங்கம் மகளின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கனநேரம் நின்றார்.

பிறகு அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு யோசப்பினிடம் வந்தார். "வாற செவ்வாயும் கயிறு கட்டுவியளோ?"

"ஓம் அண்ணை, கட்டுவன்."

சைக்கிள் ஒழுங்கைக்குள் மறையும் வரை நாகேஸ்வரியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, தான் ஓடியதைத் தகப்பனுக்கே சொல்லிக்கொண்டு. யோசப்பின் தனியே கதிரைகளை நிமிர்த்தி அடுக்கினாள். நடந்ததை யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அம்மா இருந்திருந்தால் இரண்டு தரம் சொல்ல வைத்துக் கேட்டிருப்பாள்.

வீட்டு வாசலில் பத்மாசினி நின்றிருந்தார். "எங்கையடி பிள்ளை இவ்வளவு நேரம்? போட்டி குழம்பிப் போச்சாமே?"

சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவர் கோழிகளை அடைக்கத் திரும்பிவிட்டார்.

"ஓம் அக்கா, குழம்பிப் போச்சு" என்று சொல்லி, யோசப்பின் தன் அறைக்குப் போய் ஒருவருக்கான அரிசியை அளந்து எடுத்தாள்.